கொட்டகுடி ஆற்றுத் திட்டு

நான் பயந்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பூனைக்குப் பயப்படுகிற பொம்பளை என்று நினைத்துவிடுவீர்கள். நான் ராசிங்காபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். மோட்டார் ரூமுக்குள் சுருண்டு கிடந்த கட்டுவிரியனை மண்வெட்டியால் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு, அதே மண்வெட்டியால் போய் மடை திருப்பியவள். கல்யாணமாகிப் போடிக்கு வந்த பிறகும், ஏலக்காய் மூட்டை இறக்க வருகிறவர்களிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் என் வாய்க்குப் பயப்படுவார்கள். நான் யாருக்கும் பயந்ததில்லை. இந்த இரண்டு வருஷமாகத்தான் பயம். அதுவும் வெளியில் இல்லை, என் வீட்டுக்குள்ளேயே. என் நாத்தனார் மாடிப்படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்டாலே கையில் எடுத்த வேலையைப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விடுகிறேன்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த தங்கை. புருஷன் தவறிப்போய், பிள்ளையும் இல்லாமல், ஒரே ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாடி அறை அவளுக்கு. சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுப்பாள், மற்ற நேரம் எனக்குக் கூடமாட ஒத்தாசை. அதிர்ந்து பேச மாட்டாள். நான் ஒன்பது வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அதுவும் "சரி மதினி" என்றுதான் இருக்கும்.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பழைய கல் என்று ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். தபால் வழியில் சரித்திரம் படித்தவள். நாம் கோயிலுக்குப் போனால் சாமியைப் பார்ப்போம், அவள் படிக்கட்டைப் பார்ப்பாள். "சாமி அங்கிட்டு இருக்காரு ஆத்தா" என்று நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

அப்படி அவள் கண்டுபிடித்ததுதான் அந்தத் திட்டு. போடியிலிருந்து குரங்கணி போகிற ரோட்டில், ஓர் இடத்தில் கொட்டகுடி ஆறு இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய் மறுபடி ஒன்றாகச் சேரும். நடுவில் ஏலக்காய் காயப்போடுகிற களம் நான்கைச் சேர்த்து வைத்த அளவுக்கு ஒரு மேடு. மருத மரம் நாலைந்து, முட்புதர், மணல். கோடையில் வெள்ளாடு மேயும். பஸ்சில் போகிறவர்கள் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஜீப் ரோடு வருவதற்கு முன்னால் மலைச் சரக்கெல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கியதாம். வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டிகள் மேலேயிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கிக்கொண்டு அடிவாரத்துக்கு வந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கதையாகக் கேட்டிருக்கிறோம். கம்பியில் வராமல் தலையிலும் கழுதையிலும் வந்த லோடு எங்கே இளைப்பாறியது என்று யாரும் கேட்டதில்லை. என் நாத்தனார் கேட்டாள். திட்டில் சுமைதாங்கிக் கல் ஒன்று புதருக்குள் நிற்பதையும், கழுதை கட்டத் துளை போட்ட கற்கள் வரிசையாகக் கிடப்பதையும் அவள்தான் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதைவிடப் பெரிய விஷயம், திட்டின் நடுவில் இருக்கிற பாறை. ஆளுயரத்துக்குச் சற்றுக் கூட இருக்கும். அதன் தலையில் ஜோடி ஜோடியாகப் பாதங்கள் வெட்டியிருந்தன. சாமி பாதம் மாதிரி அழகாக இல்லை, கல் வெட்டத் தெரியாதவன் வெட்டியது போலக் கோணலும் மாணலுமாக. சிலது ஆம்பளைப் பாதம், சிலது சின்னது.

"மலைக்காய்ச்சலோட எறங்குனவுகள ஊருக்குள்ள விடாம இங்கதான் நிப்பாட்டி வச்சிருப்பாக மதினி. பொழைக்காம போனவுக பாதமா இருக்கும்" என்றாள்.

"பொழப்பத்தவன் எவனோ உக்காந்து வெட்டியிருப்பான்" என்றேன் நான்.

அந்த வருஷம் மலையில் மழையே இல்லை. எங்கள் தோட்டம் குரங்கணிக்கு மேலே சரிவில் இருக்கிறது. ஏலச்செடி தண்ணிக்கு ஏங்குகிற செடி, நிழலும் ஈரமும் இல்லாவிட்டால் இலை சுருண்டு தட்டையோடு சாய்ந்துவிடும். என் வீட்டுக்காரர் மாசக்கணக்கில் மேலேயே கிடந்தார். போன் பேசினால் பெருமூச்சுதான் கேட்கும். வீட்டில் ஒருத்தரும் சிரித்து நாளாகியிருந்தது.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் போன் வந்தது. அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"ஏய், மேல நல்ல மேகம்டி. விடியக்காலமே ஒரு பாட்டம் பேஞ்சிருச்சு. இன்னும் கருக்கிக்கிட்டு நிக்கிது. இன்னைக்கு ஊத்தப் போகுது பாரு!"

நான் அடுப்பங்கரையிலேயே கும்பிட்டேன். கேசரி கிண்டினேன். நாத்தனாரிடம் ஓடிப்போய் சொன்னேன், அவளும் கையைத் தட்டிச் சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் மெதுவாகக் கேட்டாள்: "இன்னைக்கு மனசு நல்லாருக்கு. ஒரு எட்டு திட்டுக்குப் போயிட்டு வருவமா மதினி? அந்தக் கீழ்க்கோடியில இன்னொரு கல்லு மண்ணுக்குள்ள இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். அன்றைக்கு, "சரி வா, போவோம்" என்று புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மலையில் மழை என்று காதால் கேட்டுவிட்டு, கேசரி கிண்டிவிட்டு, அந்த மழை இறங்கி வருகிற ஆற்றுக்குள் போய் உட்கார்ந்தவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம். ஏலக்காய் வீட்டில் மழை என்றால் காய். மேலே பெய்தால் காய் பிடிக்கும், பெய்யாவிட்டால் காய் உதிரும், அவ்வளவுதான் எங்கள் கணக்கு. அது தண்ணி, அது பள்ளத்தைப் பார்த்து ஓடிவரும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ராசிங்காபுரத்தில் என் அப்பாவிடம் மேலே மழை என்று சொல்லியிருந்தால், "ஆத்துல வருமா?" என்பதுதான் அவர் முதல் கேள்வியாக இருந்திருக்கும். அவர் மகள் போடிக்கு வாக்கப்பட்டு அந்தக் கேள்வியையே மறந்துவிட்டாள்.

பஸ்சை விட்டு இறங்கினபோது வெயில் மண்டையைப் பிளந்தது. தலைக்கு மேலே ஒரு மேகம் இல்லை. மலை உச்சி மட்டும் தெரியவில்லை. ஆற்றில் கணுக்காலளவு தண்ணி, கண்ணாடி போல ஓடிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டித் திட்டுக்குப் போனோம்.

அவள் கீழ்க்கோடியில் குத்தவைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷ் ஒன்றால் கல்லில் மண்ணைத் தட்ட ஆரம்பித்தாள். நான் பாறை நிழலில் உட்கார்ந்து, "மண்ணத் தின்னுட்டுச் சாவு, சோறு எனக்கு" என்று கேலி பேசிக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தேன். ரொம்ப நேரம் அப்படியே போனது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட அன்றைக்கு அங்கே இல்லை. ஏன் இல்லை என்று நான் யோசிக்கவில்லை.

முதலில் வாடைதான் வந்தது. புது மண் வாடை, அதோடு அழுகின இலை வாடை. மழை வாசம் என்று நான் மூக்கை இழுத்து ரசித்தேன், பாவி. அப்புறம் தண்ணியைப் பார்த்தேன். கண்ணாடியாக ஓடினது டீத்தண்ணி நிறமாகியிருந்தது. சருகும் நுரையும் வரிசையாக வந்தன. அதைப் பார்த்தவுடன் பொட்டலத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மேலே வளைவிலிருந்து ஒரு சத்தம், பத்து லாரி ஒரே நேரத்தில் முதல் கியரில் ஏறுகிற மாதிரி.

"ஆத்தா! தண்ணி! ஓடியா!"

கரைக்குப் போக வழியில்லை. நாங்கள் தாண்டி வந்த கற்கள் அதற்குள் மறைந்துவிட்டன. நான் பக்கத்திலேயே இருந்ததால் பாறையில் ஏறிவிட்டேன். அவள் கீழ்க்கோடியிலிருந்து ஓடி வந்தாள். போட்டோப் பெட்டிப் பை தோளில் தொங்கியது, அதைப் போட்டுவிட்டு வரத் தோன்றவில்லை அவளுக்கு. பாதி தூரத்தில் தண்ணி அவள் முழங்காலைப் பிடித்தது. பாறையைத் தொட்டபோது இடுப்புக்கு வந்துவிட்டது. மலையையே கழுவி எடுத்து வருகிற மாதிரி மரக்கிளையும் கல்லும் சேறுமாக வந்தது.

நான் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள், நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பாறைத் தலையில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. வெட்டி வைத்திருந்த ஒரு பாதத்தின் பள்ளத்துக்குள் என் கால் விரல்களை ஊன்றிக்கொண்டேன். அவளை இழுக்க முயன்றேன். வரவில்லை. தண்ணி அவளைப் பக்கவாட்டில் இழுத்தது, அவளோடு சேர்ந்து நானும் அங்குலம் அங்குலமாக முன்னால் நகர்ந்தேன். என் நெஞ்சு விளிம்புக்கு வந்தது. கால் விரல்கள் அந்தப் பள்ளத்திலிருந்து பிதுங்கி வெளியே வந்தன. கீழே அவள் முகம் தெரிந்தது. அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கத்தவில்லை.

கை நழுவிவிட்டது என்று சொல்லத்தான் வாய் வருகிறது. இரண்டு வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறேன். இல்லை. நான் விட்டேன். என் விரல்களை நானே விரித்தேன். அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இன்னும் இருந்தன, கையை உதறி அதையும் விடுவித்தேன். செத்துப்போய்விடுவோம் என்ற பயத்தில் எனக்கு நாத்தனார் இல்லை, புருஷன் இல்லை, சாமி இல்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று லேசாகச் சொல்கிறவர்கள் அந்தப் பாறையில் வந்து படுத்துப் பார்க்கட்டும்.

அவள் போய்விட்டாள். ஒரு தடவை தலை தெரிந்தது, அப்புறம் இல்லை. நான் பாறை நடுவில் ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாபக்கமும் தண்ணி. வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருந்தது, அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அழுகைகூட வரவில்லை.

அப்போதுதான் கேட்டது. "மதினி!"

கீழ்க்கோடி மருத மரங்களின் பக்கமிருந்து வந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள். நான் துள்ளி எழுந்திருக்க வேண்டுமா இல்லையா? நான் எழுந்திருக்கவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுபடியும், "மதினி! இருக்கீகளா?" என்று கேட்டாள். அவள் என்னைத் தேடித்தான் கத்துகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பதில் சொன்னால் அவள் முகத்தை நான் பார்க்க வேண்டி வரும். மூன்றாம் தடவை அவள் குரல் உடைந்த பிறகுதான், "இருக்கேன் ஆத்தா" என்றேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு வந்த வேகத்திலேயே வடிந்தது. சத்தம் கேட்டு ரோட்டில் நின்ற ஜீப்புக்காரர்கள், ஏலக்காய் லோடு கட்டுகிற கயிறுகளை முடிச்சுப் போட்டு நீட்டி இந்தப் பக்கம் வந்தார்கள். மருத மரத்தின் வேருக்கும் அடிமரத்துக்கும் நடுவில் சிக்கியிருந்த அவளை முதலில் எடுத்தார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்து தொங்கியது. நெற்றியில் ரத்தம். என்னைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனபோது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

என்னை ஜீப்பில் ஏற்றிய டிரைவர் குரங்கணிக்காரர், என் வயதுதான் இருக்கும். "அந்தப் பாதப் பாறையிலயாக்கா நின்னீக?" என்று கேட்டார்.

"ஆமா. காய்ச்சல் வந்து செத்தவுக பாதம்னு எங்க நாத்தனா சொல்லுச்சு."

"காய்ச்சலும் இல்ல, கீய்ச்சலும் இல்லக்கா. ஆத்தோட போனவுக பாதம். லோடோட ரெண்டு பேரு எறங்கி, ஒருத்தன் தப்பிச்சு ஒருத்தன் போயிட்டான்னா, தப்பிச்சவன்தான் வந்து வெட்டணும். ஆளு வச்சு வெட்டக்கூடாது. எங்க கொள்ளுத் தாத்தா வெட்டுன ஜோடிகூட ஒண்ணு இருக்கு."

நான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நான் கால் ஊன்றியிருந்த பள்ளம், என்னைப் போல ஒருத்தன் கையை விட்டதில் ஆற்றோடு போனவனுடையது. என் பாதத்தில் கல் உரசின காயம் எரிந்தது. அதற்கு மேல் அவர் பேசினது எதுவும் என் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் மேலேயிருந்து ஓடி வந்தார். சேறும் ஈரமுமாக, கலைந்த தலையோடு. "எப்படிம்மா ஆச்சு?" என்று தங்கையின் தலைமாட்டில் நின்று அழுதார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "மதினி பிடிச்ச பிடி உடும்புப் பிடிண்ணே. விடவே இல்ல. ரெண்டு பேரும் போயிருவோம்னு நான்தான் கைய உருவிக்கிட்டேன்."

அவர் திரும்பி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு வார்த்தை புகழாத மனுஷன். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். "நாத்தியும் மதினியும்னா இப்படியில்ல இருக்கணும்" என்று தெருவே பேசியது. நான் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பிடித்த பயம் இது. அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? தண்ணிக்குள் அடிபட்ட மயக்கத்தில் தான்தான் கையை உருவினோம் என்று நம்பிவிட்டாளா? அப்படியென்றால் என்றைக்கோ ஒரு நாள் நினைவு வந்துவிடுமே. தெரிந்துதான் சொன்னாள் என்றால், எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறாள்? என்றைக்கு எடுத்து வீசப் போகிறாள்? வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவளும் அண்ணனும் தனியாகப் பேசிக்கொண்டிருந்தால் ஏதாவது சோலி இருப்பதுபோல அந்தப் பக்கமே போய் நிற்பேன். என் வாய் அடங்கிவிட்டது. "என்னடி, இப்பல்லாம் சத்தத்தையே காணோம்?" என்று அவர் கேலி செய்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, கிடந்து அடித்துக்கொண்டது.

கை கூடின பிறகு அவள் திட்டின் கதையை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். வலது கை முன்னைப்போல வளையாது, எழுத்து கோணலாகத்தான் வந்தது. டிரைவர் சொன்னதை நான்தான் வாய் தவறி அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் குரங்கணிக்கே போய் நாலு பேரிடம் விசாரித்து வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினாள். "தப்பித்தவரே தம் கையால் வெட்ட வேண்டும் என்பது வழக்கம்" என்று அவள் வாசித்தபோது நான் சாம்பாருக்கு உப்பை இரண்டாம் தடவை போட்டுக்கொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"தப்பிச்சவன் ஏன் வெட்டணும்?" என்று அவர் கேட்டார்.

"மறக்கக்கூடாதுன்னுதாண்ணே இருக்கும்" என்றாள்.

இப்படி இரண்டு வருஷம். மனுஷி எத்தனை நாளைக்குத் தாங்குவாள்? போன மாசம் ஒரு மத்தியானம், இனிமேல் முடியாது என்று ஆகிவிட்டது. அவர் தோட்டத்துக்குப் போயிருந்தார். நானும் அவளும் கூடத்தில் சாக்கை விரித்து, கடைக்கு எடுத்துவைத்த ஏலக்காயில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். என்ன ஆனாலும் ஆகட்டும், சொல்லித் தொலைத்துவிடுவோம், அவள் காறித் துப்பினாலும் இந்தப் பயத்துக்கு அது தேவலை என்று துணிந்துவிட்டேன்.

"ஆத்தா, அன்னைக்கு ஆத்துல..."

அவள் கை நின்றது. "வேண்டாம் மதினி."

"இல்ல, நான் சொல்லித்தான் ஆகணும். நீ கைய உருவல. நான்தான்..."

"தெரியும் மதினி."

நான் கையிலிருந்த காயைச் சாக்கில் போட்டேன். "தெரிஞ்சுக்கிட்டேயா இத்தனை நாளு..? ஏன் ஆத்தா அப்படிச் சொன்ன? என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்ல? இன்னைக்கு உங்கண்ணன் வரட்டும். எல்லாத்தையும் நானே சொல்லிப்புடறேன். இந்தப் பாரம் எனக்கு வேண்டாம்."

அவள் சட்டென்று எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினாள். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். ஆற்றில் பார்த்த அதே முகம். கோபம் இல்லை, வெளிறிப் போயிருந்தது. என்னைப் பார்த்துத்தான் அவள் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிறாதீக மதினி, உங்க கால்ல விழுகுறேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா உங்ககிட்ட முகங்குடுத்துப் பேச மாட்டாக. நாளும் பொழுதும் சண்டை வரும். கடைசில இவளாலதான இம்புட்டும்னு என் தலையில வந்து விடியும். ஆத்துல விட்டீக, ஒரு மரம் இருந்துச்சு, பிடிச்சுக்கிட்டேன். இந்த வீட்டுலயும் விட்டுட்டீகன்னா நான் எதப் போய்ப் பிடிப்பேன்?"